சுளுக்கு என்று நாங்கள் சொல்லி வந்தது

நடந்தவற்றை நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் மறைக்கப் போவதில்லை.

நேற்று நான் பள்ளியிலிருந்து தாராவி வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. அம்மாவின் தம்பி சண்முகம் மாமா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்றார்கள்.

மாமாவுக்கு ஹீமோஃபீலியா. ரத்தத்தை உறையச் செய்யும் பொருள் அவர் உடம்பில் மிகக் குறைவு. சிறுவயதில் முழங்காலுக்குள் ரத்தம் கசிந்தால், ஐஸ் வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பாராம். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில், பிளாஸ்மாவை உறைய வைத்துப் பிரித்தெடுக்கும் க்ரையோ ஏற்றத் தொடங்கினார்கள். வலியில் துடித்தவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்பார்.

"வெளிநாட்டுல இது தூளா வருதாம் ஏட்டி. பால் பவுடர் மாதிரி கரைச்சு, வீட்டுலயே ஊசி போட்டுக்கிடலாமாம்" என்று மாமா என்னிடம் ஆசையாகச் சொன்னார்.

இந்த நோய் தாய் வழியாக மகன்களுக்கு வரும். மகள்கள் தெரியாமலே சுமந்து போகலாம். அதனால், அக்காவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் அம்மா பயந்தார். மாமா நொண்டினால் சுளுக்கு என்றே எல்லோரிடமும் சொன்னோம்.

பக்கத்து வீட்டு மீரான் பாய் விடமாட்டார். "என்னடே சம்முவம், ஒரே காலு எத்தன தடவ சுளுக்கும்?"

"அதுக்குப் பழகிப்போச்சு பாய். சுளுக்கலன்னாத்தான் அதுக்குக் கவல."

திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மாமா விழுந்து, தலையில் அடிபட்டு நினைவிழந்தார். கூட வந்த பாய் அருகிலிருந்த கிளினிக்குக்குத் தூக்கிச் சென்றார். வேறு நோய் உண்டா என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல சாப். கால்தான் அடிக்கடி சுளுக்கும்."

தையல் போட்டுப் படுக்க வைத்தார்கள். நாங்கள் போய் உண்மையைச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, க்ரையோ ஏற்றுவதற்குள் தலைக்குள் ரத்தம் பரவிவிட்டது.

"எங்கிட்டயாவது சொல்லிருக்கக் கூடாதா தங்கச்சி?" என்று பாய் அம்மாவிடம் அழுதார்.

இன்று அக்காவுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் துக்கம் விசாரிக்க வந்தார்கள். "தம்பிக்கு என்ன சீக்கு?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். அம்மா வாய் திறக்குமுன் அக்கா சொன்னாள்:

"ரத்தம் உறையாத சீக்கு அத்தே. எங்க குடும்பத்துல உள்ளது. எனக்குப் பொறக்குற பையனுக்கும் வரலாம்."

அம்மா தடுக்கவில்லை. அவர்கள் எழுந்து போனார்கள். இனி வரமாட்டார்கள்.

போய் வாருங்கள் மாமா. உங்கள் டாக்டரிடம் தன் ரத்தத்தைப் பரிசோதிக்கக் கேட்கப் போகிறாளாம் அக்கா. அழக்கூடத் தெம்பில்லாமல் எல்லோரும் படுத்துவிட்டோம். அப்பா விளக்கை அணைக்கப் போகிறார்.