வேலியோரத்து நாற்பது செடிகள்

தொலைபேசி நிலையத்தை மூடியபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருஷம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவள், கிடைத்ததை விடக்கூடாது என்று நர்சரி ஒன்றில் விற்பனைக்குச் சேர்ந்தாள். செடியைப் பற்றி அ, ஆ தெரியாது. பேச்சு மட்டும் வெல்லப்பாகு.

ஒருநாள், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். "வீட்டுக்காரி படுத்த படுக்கையா இருக்கா. ஜன்னல்ல பார்த்தா தெரியற மாதிரி வேலியோரம் பூச்செடி வேணும்மா. நிலைச்சு நிக்கணும்."

இருப்பதிலேயே பளிச்சென்று இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். சீட்டில் 'ஒருபருவச் செடி' என்று எழுதியிருந்தது. ஏதோ ரகத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டாள். நாற்பது செடி போனது.

மூன்றே மாதத்தில் அத்தனையும் சருகு. டிரைவர் ஒன்றை வேரோடு பிடுங்கி வந்து மேஜைமேல் வைத்தார்.

"தண்ணி ஒழுங்கா ஊத்தியிருக்க மாட்டீங்க," என்று முதலாளி ஆரம்பித்தார்.

"இல்லைங்க முதலாளி, தப்பு என்னுது," என்று அவள் குறுக்கே புகுந்தாள். "சீட்டுல போட்டிருந்தது எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி வித்துட்டேன்."

முதலாளி எண்ணெயில் விழுந்த கடுகாக வெடித்தார்.

விடுமுறை நாளில் மண்வெட்டியும் புதுச் செடிகளுமாக டிரைவர் வீட்டுக்குப் போனாள். இந்த முறை கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். தலையணையில் சாய்ந்திருந்த அவர் மனைவி ஜன்னல் வழியே, "இது என்ன தங்கச்சி?" என்றாள்.

"பல்லாண்டுச் செடி, அக்கா. மேல காய்ஞ்சாலும் வேர் சாகாது. அடுத்த வருஷம் தானா தழைச்சு வரும்."

"அடுத்த வருஷமா?" அந்தம்மா சிரித்துவிட்டாள். "எனக்கு அவ்வளவு வாய்தா கிடையாதும்மா. போன தடவை வெச்சது சடசடன்னு பூத்துச்சே, அதுலயும் கொஞ்சம் வையேன்."

நர்சரிக்குப் போய் அதையும் எடுத்துவந்தாள். பாதிக்குப் பாதி நட்டாள்.

ஒருபருவப் பூக்கள் முதலில் மலர்ந்தன. அவை உதிருமுன்னே அந்தம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

துக்கத்துக்குப் போய்வந்த வாரமே, அவள் பழைய பலகைகளைத் தேடி எடுத்துப் பெயின்ட்டால் எழுதி, நர்சரியில் செடிகளருகே மாட்டினாள். 'ஒரு பருவம் பூத்துவிட்டுப் போய்விடும்.' 'தரையோடு படரும், ஏறாது.' 'இலை மொத்தமும் கொட்டும், செத்துவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள்.'

"இது கடையா, பள்ளிக்கூடமா?" என்று முதலாளி முணுமுணுத்தார். ஆனால் கழற்றச் சொல்லவில்லை.

இப்போது தோட்டம் போட வருகிறவர்கள் அவரைத் தாண்டி நேரே அவளிடம் போகிறார்கள். இடம் எவ்வளவு, வெயில் எப்படி என்பதெல்லாம் பிறகுதான்.

"யார் பார்க்கறதுக்குங்க?" என்பாள் முதலில்.