பெயிண்டுக் கடையில் கிடைத்த போர்ட் ஒயின்

அபீலியு சியப்ரா, போர்ட்டோவில் முப்பத்திரண்டு வருடம் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்தவர். வீட்டுக்குள் போய், சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, வரேன் என்று கிளம்பும் வேலை. நகரத்தில் பாதிப் பேரின் சமையலறை அவருக்குத் தெரியும். ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை. நிமிரும்போது அலமாரியில் என்ன பாட்டில் இருக்கிறது என்று மட்டும் கண் தானாகப் பார்த்துக்கொள்ளும். நல்ல ஒயினை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து வேகவைக்கிறார்கள், மட்டமானதைப் பூட்டி வைக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு தீராத வருத்தம்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு முழுநேர வேலை வந்துவிட்டது. முதியோர் பஸ் அட்டையை எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவார். சூப்பர் மார்க்கெட்டின் கீழ்த் தட்டுக்கு முன்னால் மண்டியிட்டு, பாட்டிலைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பார். ஒரே கூட்டுறவு ஆலை ஒரே ஒயினை இரண்டு பெயரில் அடைத்து இரண்டு விலையில் விற்கும். அதைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. விஸ்கி என்றால் ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு விற்காத பரிசுக் கூடைகளைக் கடைக்காரர்கள் பிரித்துப்போடும்போது, பன்னிரண்டு வருட ஸ்காட்ச் பதினோரு யூரோவுக்கு வந்துவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மாடிப்படியில் அவரை யாராவது நிறுத்தாமல் இருக்க மாட்டார்கள்.

"சென்யோர் அபீலியு, நாளைக்குக் கோழி. என்ன வாங்கட்டும்?"

"அடுப்புலயா, கரியிலயா?"

"கரியில. எங்க வீட்டுக்காரர் கருக்கிடுவார்."

"கருகினதுக்குச் சிவப்புதான். கீழ்த் தட்டு, இடது ஓரம், படகு போட்ட லேபிள். ரெண்டு எழுபத்தொன்பது. கண்ணு மட்டத்துல கோட்டை போட்டது ஒண்ணு இருக்கும், அஞ்சு யூரோ. உள்ள இருக்கிறது ஒண்ணேதான். கோட்டைக்கு நீங்க வாடகை கட்டாதீங்க."

கேட்டவர் சிரித்துக்கொண்டே போவார். மறுநாள் மதியம் அந்த வீட்டில் தட்டும் கரண்டியும் சத்தம் போடும். அபீலியு தன் வீட்டில் அதே படகு பாட்டிலைத் திறந்து, அதே நேரத்துக்கு ஒரு தம்ளர் ஊற்றிக்கொள்வார். அவர்கள் குடிப்பதையே தானும் குடிக்கிறோம் என்பதில் ஒரு துணை.

கட்டடத்தில் அத்தனை பேரும் அவரிடம் கேட்டோம். ஒருவரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. நானும்தான். அவருக்கு மேல்மாடியில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். நம் காரம் ஒத்துக்கொள்ளுமா, தனி ஆளைக் கூப்பிட்டால் பரிதாபப்படுகிறோம் என்று நினைப்பாரா என்றெல்லாம் யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு முறுக்குப் பொட்டலத்தை அவர் கதவுப்பிடியில் மாட்டிவிட்டு வந்தவன் நான்.

அவருக்கு அடுத்த கதவு தோனா தியோலிந்தாவுடையது. கீழே தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். கணவர் அர்மிந்து, மகள் செலியாவுக்கு மூன்று வயதாகும்போது லக்சம்பர்க்குக் கட்டட வேலைக்குப் போனவர், அங்கேயே தங்கி, அங்கேயே செத்தும் போனார். செலியாவுக்கு இப்போது கல்யாணம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை தொமே வீட்டார் வசதியானவர்கள். பிள்ளை பிறந்த வருடத்துப் போர்ட் ஒயினைத் தகப்பன் வாங்கிப் படுக்க வைத்து, கல்யாணம் பேசும் நாளில் திறப்பது அந்த மாதிரி வீடுகளில் உண்டு. தொமேயின் பாட்டிலை அவர்கள் ஏற்கெனவே திறந்து விருந்து வைத்துவிட்டார்கள்.

"செலியா பொறந்த தொண்ணூத்தி நாலாம் வருஷம் வேணும்" என்று தியோலிந்தா வந்து நின்றார். "அம்பது யூரோ தர்றேன். அதுக்கு மேல எங்கிட்ட இல்ல."

"தொண்ணூத்தி நாலுக்கு நூத்தம்பது கேப்பாங்களே, தோனா தியோலிந்தா."

"அதனாலதானே உங்ககிட்ட வந்தேன். கடைக்குப் போக எனக்கு வழி தெரியாதா?"

அபீலியு மூன்று வாரம் அலைந்தார். கடைசியில் வாலோங்குவில், இழுத்து மூடப்போகிற ஒரு பெயிண்டுக் கடையில் கிடைத்தது. பெயிண்டுக் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் கொடுத்த பாட்டில்களைக் கடைக்காரர் டர்பன்டைன் டப்பாக்களுக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தார். அதில் தொண்ணூற்று நாலு இரண்டு இருந்தன. ஒன்று மரப்பீப்பாயிலேயே முதிர்ந்தது, அப்படியே திறந்து ஊற்றலாம். விலை பதினைந்து. இன்னொன்று பாட்டிலுக்குள்ளேயே முப்பது வருடம் முதிர்ந்தது. அடியில் வண்டல் கனமாக இருக்கும், தக்கை பொடிந்திருக்கும், ஒரு நாள் நிற்க வைத்துக் கைநடுங்காமல் வடிக்க வேண்டும். லேபிளைப் பூச்சி அரித்திருந்தது. கழுத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு தீற்று.

"அது இருபத்தஞ்சு" என்றார் கடைக்காரர். அப்புறம் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்து, "அடடா, இதுல பெயிண்ட் ஒழுகியிருக்கு. பெயிண்டுக் கடையில வச்சா இப்படித்தான். சரி, பதினெட்டு குடுங்க" என்றார்.

அந்த வெள்ளைத் தீற்று, பாட்டிலைப் படுக்க வைக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று ஒயின்காரர்களே போடும் அடையாளம். அபீலியு வாயைத் திறக்கவில்லை. நிஜமான சரக்கு என்று ஊர்ஜிதப்படுத்தும் அந்தக் கோட்டுக்காகவே ஏழு யூரோ குறைந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். வாழ்நாளில் அதற்கு மேல் ஒரு பேரம் அமைந்ததில்லை.

பதினைந்து யூரோ பாட்டிலை ஏன் விட்டார் என்பதையும் என்னிடம் சொன்னார். அதை யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். இதை ஊற்ற ஒரு ஆள் வேண்டும். ஆள் வந்தால் உட்காரச் சொல்லாமல் இருக்க முடியாது.

தியோலிந்தாவிடம் பாட்டிலையும் மீதி முப்பத்திரண்டு யூரோவையும் கொடுத்துவிட்டு, "வடிக்கிறது கொஞ்சம் நுணுக்கமான வேலை" என்று ஆரம்பித்தார்.

"எழுதிக் குடுத்துடுங்க. தொமே பார்த்துப்பான்."

எழுதிக் கொடுத்தார். தன்னுடைய கண்ணாடிக் குடுவையையும் கொடுத்தார். ஒன்றையும் மறைக்காமல் ஒழுங்காகத்தான் எழுதினேன் என்றார். அதை நான் நம்புகிறேன்.

தியோலிந்தா அவரிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தப் பாட்டில் அர்மிந்து வாங்கியது, மகள் பிறந்த சமயம் வாங்கி அலமாரிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனது என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லியிருந்தார். செலியாவிடமும் அப்படியே சொல்லியிருந்தார். அபீலியு அந்த மேசைக்கு வரப்போவதில்லை என்பதால், அவரிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அபீலியு முகம் மழித்து, கோட்டு மாட்டிக்கொண்டு, தன் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அப்பால் ஆட்டுக்குட்டிக் கறி பரிமாறினார்கள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டரை மணிக்குச் சுவரில் யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள்.

போய்ப் பார்த்தால், தொமே தக்கைத்திருகியைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்து நிற்கிறான். தக்கை பாதி வெளியே, பாதி உள்ளே.

"கொன்னுட்டேனா?" என்றான்.

"சாகல. காபி வடிகட்டுற தாள் இருக்கா? தள்ளி நில்லுப்பா."

சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நூல் மாதிரி ஊற்றினார். வண்டல் கழுத்துக்கு வந்த இடத்தில் சரியாக நிறுத்தினார். குடுவையில் ஒரு துளி மண் இல்லை. உலர்ந்த அத்திப்பழமும் பழைய மரப்பெட்டியும் சேர்ந்தாற்போல் ஒரு வாசனை சமையலறையை நிறைத்தது.

"நல்லவேளை நீங்க இருந்தீங்க. இங்கயே ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போங்க" என்றார் தியோலிந்தா.

முன்னறையிலிருந்து தொமேயின் தகப்பனார் வால்தெமார் குரல் கொடுத்தார். "டாக்டர் வந்தாச்சா? நோயாளி பிழைச்சானா?"

"பிழைச்சுட்டான்ப்பா!"

"அப்ப டாக்டரை வாசலோட அனுப்பாதீங்க. உள்ள கூட்டிட்டு வாங்க!"

படுக்கையறையிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. மற்றவற்றைவிடத் தாழ்ந்தது. தொமேயின் அத்தைக்கும் சுவருக்கும் நடுவில் அதைச் செருகினார்கள். அபீலியு உட்கார்ந்தார். மேசைவிரிப்பு முழங்காலில் பட்டது. அத்தை அவர் பக்கம் ரொட்டிக் கூடையை நகர்த்தினாள். செலியா சீஸ் வெட்டி அவர் தட்டில் வைத்தாள். "பக்கத்து வீட்டுல இருந்துகிட்டு இவ்வளவு நாள் வராம இருந்தீங்களே" என்று சொல்லவும் சொன்னாள்.

வால்தெமார் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். திறந்து, "சென்யோர் அபீலியு, உங்களுக்குத்தான் தெரியும். இந்த மாதிரி ஒண்ணு இன்னிக்கு வாங்கணும்னா என்ன ஆகும்?" என்றார்.

எழுபத்தோரு வயதில் ஒரு மேசையே திரும்பி அவரைப் பார்த்தது.

"நூத்தம்பது ஆகும்" என்றார். ஒரு கணம் நிறுத்தினார். "ஆனா இது பதினெட்டு!"

"என்னது?"

"பதினெட்டு யூரோ. மூணு வாரம் முன்னாடி, வாலோங்குல, ஒரு பெயிண்டுக் கடையில. கேளுங்க கூத்தை. இந்த வெள்ளைக் கோடு இருக்குல்ல, அதை அந்த ஆளு தன் கடைப் பெயிண்டு ஒழுகினதுன்னு நினைச்சு, ஏழு யூரோ தள்ளிக் குடுத்துட்டான்!"

வால்தெமார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "கோட்டுக்குத் தள்ளுபடியா! இன்னும் இருக்கா அங்க?"

அத்தைதான் வெள்ளந்தியாகக் கேட்டாள். "ஆனா செலியாவோட அப்பா வாங்கி வச்சதுன்னு சொன்னீங்களே, தோனா தியோலிந்தா?"

தியோலிந்தா ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையால் ஓரமாகக் கூட்டிக்கொண்டிருந்தார். செலியா கிளாஸை மேசையில் வைத்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

"மூணு வாரமா?" என்றாள்.

அபீலியுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இல்ல, இல்ல. அது வேற பாட்டில்" என்றார். "அது என் வீட்ல இருக்கு. வயசாச்சு பாருங்க, எனக்கு ரெண்டும் கலந்து போச்சு. இது உன் அப்பா வாங்கினதும்மா. நான் வடிகட்டினதோட சரி."

"அதுவும் தொண்ணூத்தி நாலா?" என்றார் வால்தெமார்.

"அதுவும் தொண்ணூத்தி நாலுதான்."

"அதுலயும் கோடா?"

"அதுலயும்."

தொமே கல்யாண மண்டபத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான். அபீலியு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்தார். கிளாஸில் பாதி அப்படியே இருந்தது. தன் வாழ்நாளின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பை அவர் மூன்று மிடறுதான் குடித்தார்.

அதன் பிறகு தியோலிந்தா படியில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வார், அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் என்ன வாங்கட்டும் என்று கேட்பதில்லை. மற்றவர்களும் எப்படியோ கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள். இஸ்திரிக் கடையில் என்ன பேச்சு அடிபட்டதோ எனக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து, குப்பைப் பையோடு நான் இறங்கிக்கொண்டிருந்தபோது, கீழ்த் தளத்தில் செலியாவின் குரல் கேட்டது. கையில் கண்ணாடிக் குடுவையோடு அபீலியுவின் வாசலில் நின்றிருந்தாள். இறங்கினால் நடுவில் போய் விழுவோம் என்று படியிலேயே நின்றுவிட்டேன்.

"அந்தக் கடை எங்க இருக்கு?"

"எந்தக் கடை?"

"பெயிண்டுக் கடை."

"அதை மூடிட்டாங்க."

"எங்க அப்பா பீரைத் தவிர எதையும் தொட்டதில்ல, சென்யோர் அபீலியு. அது எனக்கும் தெரியும். அம்மா மேல எனக்குக் கோவமில்ல. நீங்கதான் அலைஞ்சு கண்டுபிடிச்சீங்கன்னு உங்க வாயால சொன்னீங்கன்னா, நன்றி சொல்லிட்டுப் போவேன்."

"நான் வடிகட்டினதோட சரிம்மா."

"என்ன விலைன்னாவது சொல்லுங்களேன்."

"விலை எனக்குத் தெரியாது" என்றார்.

அவள் காத்திருந்தாள். கதவு அகலமாகத்தான் திறந்திருந்தது, உள்ளே வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பாள். உள்ளே வந்தால் இன்னொரு தடவை கேட்பாள் என்று பயந்திருப்பார். குடுவையை நீட்டி, "கழுவிட்டேன், கறை கொஞ்சம் இருக்கு" என்றாள். அடுத்த கதவுக்குள் போய்விட்டாள்.

நான் இறங்கினேன். அபீலியு குடுவையை மார்போடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கு என்ன சமைக்கிறீங்க?" என்றார். இத்தனை வருடத்தில் அவராக வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"விசேஷமா ஒண்ணுமில்ல. சாம்பார்தான்."

"அதுல புளிப்பு இருக்குமா?"

"இருக்கும்."

"காரம்?"

"அதுவும் இருக்கும்."

கண்ணைச் சுருக்கி, மெய்யாகவே யோசித்தார். "அப்ப பச்சை ஒயின், இளசா லேசாப் புளிக்குமே, அது. நல்லாக் குளிர வச்சு. பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடையில ரெண்டு யூரோ பத்து. அதைத் தாண்டி எதுவும் வேணாம்."

சொல்லிவிட்டு நின்றார். நானும் நின்றேன். பருப்பு இருக்கிறதா, வீடு கூட்டியிருக்கிறதா, திடுதிப்பென்று கூப்பிட்டால் என்ன நினைப்பார் என்று என் புத்தி ஒரு சுற்று சுற்றியது.

"ரொம்ப நன்றி, சென்யோர் அபீலியு" என்று சொல்லிவிட்டுக் குப்பையைப் போடக் கீழே போனேன். திரும்பி வரும்போது கதவு சாத்தியிருந்தது.