மதிலுக்கு மேலால் வந்த நோட்டீஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசல் கேற் கிரீச்சிட்டது. எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் செல்வராணி கேற்றால் வந்துகொண்டிருந்தார்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. பதினெட்டு வருடமாக அவருக்கும் எங்களுக்குமான போக்குவரத்து மதிலுக்கு மேலால்தான். முருங்கைக்காய் வரும், மோர்மிளகாய் வரும், எங்கள் தேங்காய் திருவலை இரவலாகப் போகும். என் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கும், என் அப்பா இறந்தபோது எட்டுச் செலவுக்கும் கேற்றால் வந்தார். வேறு நாள் ஞாபகமில்லை.

அன்றைக்கு வீட்டில் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. ஆனாலும் நல்ல சேலை உடுத்தி, கையில் ஒரு கட்டு நோட்டீஸோடு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நின்றார்.

உள்ளே போய் ஒளிக்கலாமா என்று யோசித்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

பிரதேச சபைத் தேர்தல் வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் ஒருவர், தங்கள் மாநிலம் எந்தப் பக்கமும் சாயக்கூடியதாம், அதனால் தேர்தல் வந்தால் நாளுக்கு மூன்று பேர் வந்து கதவைத் தட்டுகிறார்களாம் என்று வாட்ஸ்அப்பில் பெருமை அடிப்பார். என்ன பெரிய மாநிலம்? எங்கள் வட்டாரத்துக்கு வந்து பார்க்கட்டும். உடுவிலுக்குப் பக்கத்தில் ஏழெட்டு ஒழுங்கை, ஒரு பிள்ளையார் கோவில், ஒரு வாசிகசாலை — அவ்வளவுதான் வட்டாரம். போன முறை வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் எத்தனை வாக்கு தெரியுமா? மூன்று!

தோற்றவர் செல்வராணி.

கணவர் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டுகிறார். இவர் வீட்டுக்குப் பின்னால் வெங்காயம் வைக்கிறார், மாதர் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறார். அவர் தேர்தலில் நிற்பதற்கு ஒரே காரணம் எங்கள் ஒழுங்கை வாய்க்கால். அது தூர்ந்து பல காலம். மாரி வந்தால் வெள்ளம் நேராக அவருடைய வெங்காயப் பாத்திக்குள் இறங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போவார்கள். வென்றவரோ, கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மிகவும் மரியாதையான மனிதர். ஒரு தவணை முழுக்கச் சபையில் இருந்தும் அந்த வாய்க்காலை எட்டிப் பார்க்கவில்லை.

செல்வராணி ஏன் தோற்றார் என்று ஊரில் பல விளக்கம் உண்டு. வெயில் என்றார்கள், கட்சி சரியில்லை என்றார்கள், பொம்பிளை என்றபடியால் என்றும் சிலர் சொன்னார்கள். எனக்குத்தான் உண்மை தெரியும். எங்கள் வீட்டில் நாலு வாக்கு. நான், மனைவி, மகள், எங்களோடு இருக்கும் மனைவியின் தம்பி.

அந்த முறை செல்வராணி ஒவ்வொரு வீட்டுக்கும் கேற்றால் போய், இருந்து, கதைத்து, நோட்டீஸ் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு? முருங்கைக்காய்க் கட்டோடு சேர்ந்து மதிலுக்கு மேலால் நோட்டீஸ் வந்தது. உங்களுக்கும் நான் வந்து சொல்ல வேணுமோ என்று ஒரு சிரிப்பு வேறு. எங்களைத் தன் வீட்டு ஆட்களாக நினைத்துத்தான் அப்படிச் செய்தார். இன்றைக்கு அது தெரிகிறது.

அன்றைக்கு என் மனைவிக்குத் தெரிந்தது வேறு. "ஊரெல்லாம் கேற்றாலை போறா. எங்களுக்கு மட்டும் முருங்கைக்காயோடை."

நம் ஆட்களைத் தெரியும்தானே... ஒரே இலையில் சாப்பிட்ட சொந்தமாக இருந்தாலும், வீடு தேடி வந்து சொல்லாவிட்டால் கலியாணத்துக்குப் போக மாட்டோம். கலியாணக் காட் தபாலில் வந்தால் அதையே பத்து வருடம் சொல்லிக்காட்டுவோம். நானாவது மனைவியைச் சமாதானப்படுத்தினேனா? இல்லை. எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. வாராவாரம் பத்திரிகையின் இந்த இடத்தில் உட்கார்ந்து வாக்குரிமையைப் பற்றி உங்களுக்கு வகுப்பெடுக்கும் அதே ஆள்தான்!

தேர்தல் நாள் வந்தது. நாங்கள் மனேச்சருக்குப் போடவில்லை, அந்தளவுக்குக் கெட்டவர்கள் இல்லை. சும்மா... போகவில்லை. மனைவியின் தம்பி விடியவே குருநகருக்குப் போய் நண்டும் இறாலும் வாங்கி வந்தான். பெரிய பானையில் பனங்கிழங்கு மா கரைத்த ஒடியற்கூழ் கொதித்தது. பின்னேரம் நாலு மணிக்கு வாக்குச் சாவடியைப் பூட்டும்போது, நாங்கள் நாலு பேரும் பிலாவிலையைக் கோலி வைத்துக்கொண்டு கூழ் குடித்துக்கொண்டிருந்தோம்.

மூன்று வாக்கு என்று முடிவு வந்தபோது கூழ் இன்னும் செமித்திருக்கவில்லை.

அடுத்த நாள் நான் முற்றத்தில் தலையைக் குனிந்தபடி நின்றேன். செல்வராணி அவராகவே மதிலடிக்கு வந்து கூப்பிட்டார். வழக்கம்போல ஒரு கட்டு முருங்கைக்காயை நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். நல்ல காலம், இவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மாரியிலும் யன்னலால் பார்த்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் பாத்தியில் இருந்து வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றுவார். எனக்கு வெட்கமாக இருக்கும். போய் உதவினேன்தான். ஆனால் உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

செல்வராணி கதிரையின் நுனியில் இருந்தார். இதுதான் கடைசி முறை, இந்த முறையும் தோற்றால் தோட்டத்தோடு நிற்க வேண்டும் என்று கணவர் சொல்லிவிட்டாராம். மனைவி குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். செல்வராணி எழும்பி, நோட்டீஸை இரண்டு கையாலும் மனைவியிடம் கொடுத்தார். என்னிடம் இல்லை. அதிகாரம் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும்.

"போன முறை நான் உங்கடை வீட்டுக்கு வரேல்லை அக்கா. அது என்ரை பிழை."

நான் அவசரமாகக் குறுக்கே விழுந்தேன். அப்படி ஒன்றுமில்லை, எங்கள் வாக்கு எப்போதும் உங்களுக்குத்தான், போன முறையும் அப்படித்தான் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கோபமில்லாமல் என்னைப் பார்த்தார்.

"அடுத்த நாள் முருங்கைக்காய் வாங்கேக்கை உங்கடை சின்ன விரலைப் பாத்தனான் அண்ணை. மை இல்லை."

இடது கைச் சின்ன விரல். வாக்குப் போட்டவருக்கு அதில் கறுப்பு மை பூசுவார்கள், கிழமைக் கணக்கில் போகாது. யாருக்குப் போட்டோம் என்பது ரகசியம், போனோமா இல்லையா என்பது கையிலேயே இருக்கும். என் விரலைப் பார்த்த பிறகு அந்தக் கிழமைக்குள் மற்ற மூன்று பேருடைய விரலையும் பார்த்துவிட்டாராம். மூன்று வாக்கால் தோற்றவருக்கு எதிரே, மதிலுக்கு அந்தப் பக்கம், மை படாத நாலு விரல்! கணவரிடம்கூடச் சொல்லவில்லை. முருங்கைக்காயையும் நிறுத்தவில்லை.

இடது கையை மெதுவாகக் கதிரைக்குக் கீழே விட்டேன்.

மனைவிதான் பேசினார். "ஓம். நீர் வரேல்லைத்தான். நாங்களும் போகேல்லைத்தான்."

செல்வராணி திரும்பவும் கதிரையில் இருந்தார். பிறகு மனைவி தொடங்கினார் பாருங்கள்... வாய்க்காலை எப்போது வெட்டுவீர், ஒழுங்கை முடக்கில் லைற் எரிந்து எத்தனை மாதம் தெரியுமா, குப்பை ட்ராக்டர் ஏன் பெரிய ரோட்டோடு திரும்புகிறது, வென்ற பிறகு நீரும் பெரிய ஆளாகி மதிலடிக்கு வர மாட்டீர் என்று முக்கால் மணி நேரம் பிடிபிடி என்று பிடித்தார். செல்வராணி ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து ஒவ்வொன்றாக எழுதினார். வெறும் தேத்தண்ணிதான் கொடுத்தோம், அதுவும் ஆறிப்போனது. போகும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

செவ்வாய்க்கிழமை மனேச்சர் வந்தார். அவரும் கேற்றால்தான். மனைவி முகமெல்லாம் சிரிப்பு. தட்டில் பிஸ்கற், ஏலக்காய் போட்ட பால் தேத்தண்ணி. உங்களுக்கு இல்லாமல் வேறு ஆருக்கு ஐயா என்று உபசாரம். வாய்க்காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மனேச்சர் தன் பட்டியலில் எங்கள் நாலு பெயருக்கும் சரி போட்டார். எட்டிப் பார்த்தேன்... பட்டியலின் அந்தப் பக்கம் முழுக்கச் சரிதான். பாவம் மனிதர்.

எங்கள் ஊரில் வாசலுக்கு வந்தவரிடம், உமக்கு வாக்கு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. நிமிர்ந்து நின்று ஒருவரைத் திட்டுகிறோம் என்றால் அவரால் ஏதோ ஆகும் என்று நம்புகிறோம். ஆகாது என்று முடிவெடுத்தவருக்குத்தான் பிஸ்கற். வேட்பாளர்களே, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அடித்துச் சொல்கிறேன், இந்த முறை செல்வராணி வெல்லுவார். கணக்கு லேசு. மற்றதெல்லாம் போன முறை மாதிரியே இருந்தாலும், எங்கள் நாலும் சேர்ந்தால் ஒரு வாக்கு கூடுதல்!

மனேச்சர் போன பிறகு, தேர்தலன்றைக்கு நண்டுக்குச் சொல்லி வைக்கவா என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"முதல் ஏழு மணிக்கு நாலு பேரும் போய் மையைப் பூசிக்கொண்டு வருவம். கூழைப் பிறகு பாப்பம்."

அந்தக் கூழில் ஒரு சட்டி பக்கத்து வீட்டுக்குப் போகும். நானே கொண்டு போவேன்... கேற்றால்தான்.