லூர்துசாமி கொடுத்த வாக்குமூலம்

மொனராகலை பஸ்ஸின் கண்டக்டர்தான் பதுளை பஸ் நிலையத்தில் என்னிடம் சொன்னார். "ரேடியோ லூர்துசாமி போயிட்டாருங்க. காய்ச்சல். நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க." ஒரு பிடி மண் போடக்கூட எங்களில் எவரும் அங்கே இல்லை.

அவரை அறிந்தவர்களுக்கே இதை எழுதுகிறேன். செத்தவர் எல்லாரையும் நல்லவர் என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். லூர்துசாமி அண்ணன் ஒரு தவறு செய்தார். பிறகு அவர் நடந்துகொண்டதுபோல் நம்மில் எத்தனை பேரால் நடந்துகொள்ள முடியும்?

தெமோதரைக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டத்தில், தொழிற்சாலையை ஒட்டிய அறையில் ரேடியோவும் அம்பிளிபயரும் இருந்தன. அங்கிருந்து கம்பங்களில் ஓடிய வயர், வரிசை வீடுகளான லயம் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பீக்கரைத் தொட்டுக்கொண்டு, ஓடைக்கு அப்பால் எங்கள் கடைசி லயத்தில் முடிந்தது. பாட்டும் அதில்தான், தோட்டத்தை நடத்திய துரையின் உத்தரவும் அதில்தான். பார்த்துக்கொண்டவர் அண்ணன். வழியில் ஒரு ஸ்பீக்கர் அதிகமாக மின்சாரம் இழுத்தால் கடைசியில் உள்ளது ஊமையாகிவிடும். அம்பிளிபயரைக் கூட்டினாலோ முன்னால் உள்ளவை அலறும். ஆகவே அவர் முதலில் எங்கள் லயத்தில் வந்து நின்று கேட்பார். பிறகு மேலே ஏறி, ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டியையும் திறந்து, வயரைச் சத்தம் குறைந்த முனைக்கு மாற்றிக்கொண்டே போவார். "மேல உள்ளவனுக்கு எப்பவும் கேக்கும். கீழ கேட்டாத்தான் லைன் சரி" என்பார்.

தொழிலாளர்களை மேற்பார்த்த பெரிய கங்காணிக்கு இது பொறுக்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் தன் வாசல் ஸ்பீக்கர் முனகுவதா? "நான் என்னா கடைசி லயத்தானா?" என்று ஊர் கேட்கக் கேட்டார். அண்ணன் இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை, கல்யாண வீடுதானே என்று அந்தப் பெட்டியை உச்ச முனைக்கு மாற்றிவிட்டார். கல்யாணம் முடிந்த பிறகும் கங்காணி அதைத் தொட விடவில்லை. அண்ணனும் விட்டுவிட்டார்.

அந்த வாரம்தான் பிரஜாவுரிமை விசாரணை. யார் யார் பத்திரங்களோடு பதுளைக்குப் போகவேண்டும் என்று பெரிய கிளாக்கர் மைக்கில் பெயர்களை வாசித்தார். எங்கள் லயத்தில் கரகரப்பு மட்டுமே கேட்டது. அப்பாவின் பெயரும் பக்கத்துக் காம்பராக்காரர்களின் பெயர்களும் அதில் இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. வராதவர்களின் மனுக்களைத் தள்ளிவிட்டார்கள். இந்த மலையில் பிறந்து, இந்த மலையிலேயே கொழுந்தெடுத்த சனங்களை ஒரே காலையில் அந்நியராக்கினார்கள்.

அண்ணன் எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இது தன் கை செய்த வேலை என்றும், பதுளைக்கு வந்து அதைச் சொல்லப்போவதாகவும் சொன்னார்.

"சொன்னா ஒன் வேல போயிரும் தம்பி" என்றார் அப்பா.

"வேல போனா வேற தேடிக்கலாங்க. ஒங்களுக்கு நாடு போனா எங்க தேடுறது?"

பதுளையில், விசாரணை நடந்த கந்தோரில் மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனதோடுதான் எச்சரித்தார். "இதை எழுதினா உமக்குத்தான் பாதகம். விளங்குதோ?"

"வெளங்குதுங்க. கங்காணி பேரையும் சேத்து எழுதுங்க."

எழுதினார்கள். மனுக்களை மறுபடி எடுக்கச் சம்மதித்தார்கள். அதே வாரம் தோட்டம் அவரை வேலையிலிருந்து நிறுத்திக் காம்பராவையும் பிடுங்கிக்கொண்டது. மொனராகலைக்குப் போய் ரேடியோ திருத்திப் பிழைத்தார். ஒரு நாளும் எங்களிடம் அதைச் சொல்லிக் காட்டவில்லை. "லயத்துல எல்லாருக்கும் கெடச்சிருச்சா?" என்று மட்டும் பஸ்காரர்களிடம் கேட்டு அனுப்புவார்.

எல்லாருக்கும் கிடைக்கவில்லை. எங்கள் மனு இன்னும் இழுபடுகிறது. அடுத்த மாதம் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். சாட்சியே செத்த பிறகு இனி என்ன என்று லயத்திலேயே சிலர் கேட்கிறார்கள். பெரிய கங்காணி அனுதாபம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

அண்ணன் கையெழுத்திட்ட வாக்குமூலத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்த ஒரு தாள்தான். அதை விசாரணை அதிகாரிகளின் மேசையில் வைத்து, கங்காணியின் பெயரையும் விடாமல் வாசிப்பேன். போதும் நிறுத்து என்றால், முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசிப்பேன்.