பெயிண்டுக்குள் ஒளிந்த நம்பர்

வள்ளியூரில் என் தங்கைக்கு நிச்சயதாம்பூலம். எங்கள் மோட்டார் சைக்கிள், பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டி. அந்தப் பாசிப் பச்சையோடு சபையில் போய் இறங்க எனக்கு வெட்கம். "கறுப்பு அடிங்க" என்று பிடிவாதம் பிடித்தேன். என் வீட்டுக்காரர் மூன்று பூச்சு பூசிவிட்டார்.

போகிற வழியில் ஆரல்வாய்மொழி எல்லைச் சாவடியில் காவலர் வண்டிப் புத்தகத்தை வாங்கி, அதிலுள்ள நம்பர் வண்டியில் எங்கே என்று கேட்டார். இவர் எஞ்சினில் இருந்த எண்ணைப் பெருமையாகக் காட்டினார்.

"இது எஞ்சின் நம்பராக்கும். எஞ்சினை மாத்திரலாம். பிரேம் நம்பர் எங்கவே?"

கைப்பிடிக்குக் கீழே, வண்டிச் சட்டத்தின் கழுத்துக் குழாயில் அது வெட்டப்பட்டிருக்க வேண்டும். அங்கே பெயிண்ட்தான் பளபளத்தது.

"நம்பரை அழிச்ச களவு வண்டியா?" என்று கேட்டார் காவலர்.

நான் இறங்கிக் குழாயைத் தடவினேன். விரலில் லேசாகப் பள்ளம் தட்டுப்பட்டது. நெற்றியில் இட்டுக்கொள்ள எங்கள் அய்யா கோயிலான பதியில் தந்த வெள்ளைத் திருநாமப் பொடி என் சுருக்குப்பையில் இருந்தது. "அய்யா, பொறுத்துக்கிடணும்" என்று வேண்டி, அதைக் குழாயில் தேய்த்து முந்தானையால் மேலாகத் துடைத்தேன். பள்ளங்களில் தங்கிய வெள்ளைப் பொடியில் எண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன!

காவலர் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இப்ப வண்டிக்கும் நாமம் இட்டாச்சு. விரசலா போங்கம்மா!"

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்த இடத்துக் கறுப்பைச் சுரண்டி எடுத்தோம். அதன் பிறகு எப்போது பெயிண்ட் அடித்தாலும் அங்கே காகிதம் ஒட்டி மறைத்துவிடுகிறேன். வண்டியின் கழுத்தில் நாலு விரல் அகலம் பட்டாளப் பச்சை பளிச்சென்று தெரிகிறது. எந்தச் சபைக்கும் அதோடுதான் போகிறேன், வெட்கமாவது ஒன்றாவது!