பார்லர் அக்கா கவுன்சிலர் ஆனார்

எங்கள் தெருவில் பியூட்டி பார்லர் நடத்துபவரைப் பார்லர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தெருவாசிகள் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். சாக்கடை அடைத்துக்கொண்டால், புருவம் திருத்தும் நூலை அப்படியே போட்டுவிட்டு நகராட்சி வாசலில் கோஷம் போடக் கிளம்பிவிடுவார்.

தேர்தல் அறிவித்த வாரம் அது. நாத்தனாருக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தார், ஒன்றுதான் முடிந்திருந்தது. ஆளுங்கட்சி நகரச் செயலாளர் உள்ளே வந்து, எங்கள் வேட்பாளராக நில்லுங்கள் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் எதிர்க்கட்சிக்காரரும் அதையே கேட்டு வந்து நின்றார். இருவரும் ஆளுக்கொரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக்குள் ஒருவரையொருவர் முறைத்தார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் கேட்காமலே நாத்தனாரின் கன்னத்தில் பவுடரை அப்பிக்கொண்டே இருந்தார்.

பிறகு சுதாரித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "சாக்கடை விஷயத்துல நான் கட்சியையே எதிர்த்துப் பேசுவேன். சம்மதமா?"

ஆளுங்கட்சிக்காரர் மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாக இழுத்தார். மற்றவர் சிரித்தார். "முதல்ல ஜெயிங்கம்மா. அப்புறம் பேசுங்க."

அக்கா அவர் பக்கம் சேர்ந்தார். கட்சிக்காரர்கள் சங்கப் பதவியில் இருக்கக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்ததே அக்காதான். அதனால் ராஜினாமா செய்தார், நாத்தனார் செயலாளரானார்.

அக்கா ஜெயித்தார். நகராட்சியும் அவர் கட்சியிடமே வந்தது. வெற்றி மயக்கம் தெளியாமல் மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் சாக்கடைக்காகச் சங்கத்தாரின் கோஷம் கேட்டது. பழக்க தோஷம், நுரை வாயோடு ஓடிப்போய்க் கூட்டத்தில் நின்று கையை உயர்த்தினார். முன்னால் நின்று முழங்கியவர் அவருடைய கணவர்.

நாத்தனார் மெல்லக் காதருகில் வந்தார். "அண்ணி, கோஷம் உங்களுக்கு எதிரா. நீங்க வாசப்படியில நிக்கணும்."

அக்கா வாசற்படியில் ஏறி நின்றார். கணவர் முகத்தைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாக்கடையைச் சரிசெய்வதாக அத்தனை பேர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

முதல் நகராட்சிக் கூட்டத்திலேயே எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்த சொந்தக் கட்சிக்காரர் முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. பார்வையாளர் வரிசையில் சங்கம் முழுக்கத் திரண்டிருந்ததால், நகராட்சித் தலைவரும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். பாதித் தெருவுக்குப் புதுச் சாக்கடைக் குழாய் வந்துவிட்டது.

மீதிப் பாதிக்காக வருகிற திங்கட்கிழமை போராட்டம். அக்காவே டீ சொல்லியிருக்கிறார்.