கேன்டீன் மைக்

மலேசியாவில், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வீடியோ கூட்டத்துக்கான சர்வரை நிறுவியவன் நான். தொழிலாளர்கள் கூடும் கேன்டீனில் கேமரா இல்லை, திரையும் மைக்கும்தான். சோதனையில் இரைச்சல் எதிரொலித்ததால் அந்த மைக்கை சர்வரிலேயே மியூட் செய்தேன். திறக்க மறந்துவிட்டேன்.

முதல் கூட்டத்திலேயே, இரண்டாம் உற்பத்தி லைனை மூடப்போவதாக மேலிடம் திரையில் அறிவித்தது. அந்த லைனில் பதினெட்டு வருடம் உழைத்த சரசு அக்கா மைக் அருகே போய், வேறு லைனில் வேலை தரும்படி மலாய் மொழியில் கெஞ்சினார்.

"யாருக்கும் கேள்வி இல்லையே? நன்றி," என்றது திரை. அணைந்தது.

மைக் இன்னும் மியூட்டில் இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தம்பி, நான் பேசுனது அவங்களுக்குக் கேட்டுச்சுதானே?"

"கேட்டுச்சுக்கா."

"அப்ப சரி லா," என்று பையை எடுத்துக்கொண்டார்.

கேட்டிருந்தால் முடிவு மாறியிருக்குமா, தெரியாது. ஆனால், கேட்டும் யாரும் இரங்கவில்லை என்று நம்பவைத்தல்லவா அவரை அனுப்பினேன்.